ஆளுகிறவருக்காகவும் ஆகாதவருக்காகவும் ஜெபிப்பது எப்படி?

சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் சில மாதங்களிலேயே ஜெபிக்கப் பழகிவிடுகிறார்கள். பிள்ளையின் படிப்பு, அம்மாவின் சர்க்கரை வியாதி, வீட்டுக்கடன் என்று எத்தனையோ இருக்கிறது. இதற்கெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம், கஷ்டமே வாயைத் திறந்துவிடும். இரண்டு இடத்தில்தான் தடுமாற்றம். ஞாயிறு ஆராதனையில் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்), "நம்மை ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்போம்" என்றதும், நாம் ஓட்டுப் போடாத ஒரு முகம் கண்முன் வந்து நிற்கிறது. உதடு மட்டும் ஆமென் சொல்கிறது. இன்னொன்று, "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற பகுதி வாசிக்கப்படும் நாள். அன்றைக்கு எல்லோருக்கும் ஏதோ ஒரு பெயர் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் சபையில் புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் புதியவர்கள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான். "அண்ணே, அந்த ஆளுக்காக மனசார எப்படி ஜெபிக்கிறது?" அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், யாருக்காக ஜெபிக்கச் சொன்னார்கள்?

அப்போஸ்தலர் பவுல் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 2ஆம் அதிகாரத்தில், "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" ஜெபிக்கச் சொல்கிறார். இந்த வரியை வாசிக்கும்போது நல்ல ராஜா ஒருவரை மனதில் வைத்துக்கொண்டுதான் நாம் வாசிக்கிறோம். ஆனால் பவுலின் கடைசி வருடங்களில் ரோமாபுரியை ஆண்டவன் நீரோ. கி.பி. 54 முதல் 68 வரை அவன் ஆட்சி. 64இல் ரோமாபுரி பற்றியெரிந்தபோது பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு அவர்களைக் கொடூரமாகக் கொன்றவன். பவுலும் அவன் காலத்தில்தான் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது சபை மரபு.

ஆக, ஆதிச் சபையாருக்கு ராஜாவும் சத்துருவும் பல நேரம் ஒரே ஆள்தான். நாம் இரண்டு தனித்தனிக் கட்டளைகளாகப் பார்ப்பதை அவர்கள் ஒரே ஜெபத்தில் செய்தார்கள். எனக்கு இது புரிந்த நாளில்தான் என் ஜெபம் மாறியது. ஆளுகிறவருக்காக மனதாரக் கேட்கப் பழகினால் ஆகாதவருக்காகக் கேட்பதும் கைவரும். ஒன்றில் பொய் நுழைந்தால் மற்றதும் பொய்யாகிவிடும்.

அதற்கும் முன்னால் எரேமியா 29ஆம் அதிகாரம் இருக்கிறது. வீடுவாசலை விட்டுப் பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி கடிதம் அனுப்புகிறார். தங்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணத்துக்காகவே கர்த்தரை விண்ணப்பம் பண்ணச் சொல்கிறார். "அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும்" என்கிறார்.

ஒருவருக்காக ஜெபிப்பதால் அவர் செய்வதை எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டதாகாது. காலையில் அமைச்சருக்காக ஜெபித்துவிட்டு மதியம் அவருடைய துறைக்கு எதிராக மனு எழுதலாம், அடுத்த தேர்தலில் வேறு ஒருவருக்கு ஓட்டுப் போடலாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கத்தில் அதிகாரத்தில் இருப்பவர்கள், வலது பக்கத்தில் மனதுக்கு ஆகாதவர்கள். மொபைலிலும் எழுதலாம், ஆனால் கையால் எழுதும்போது ஒரு பெயரைத் தாண்டிப் போவது கஷ்டம். அதனால்தான் நோட்டைச் சொல்கிறேன்.

இடது பக்கத்தை டெல்லியில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் தெருவில் இருந்து ஆரம்பியுங்கள். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., காவல் நிலைய இன்ஸ்பெக்டர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். அப்புறம் தாசில்தார், கலெக்டர், எம்.எல்.ஏ., எம்.பி., நீதிபதிகள், முதலமைச்சர், பிரதமர், குடியரசுத் தலைவர். உங்கள் ஐயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் அதிகாரத்தில் இருப்பவர்தான், அவருக்கும் சோதனைகள் உண்டு.

பதவியை மட்டும் எழுதினால் போதாது, பெயரையும் எழுத வேண்டும். தெரியாவிட்டால் ஊராட்சி அலுவலகப் பலகையைப் பாருங்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு தங்கச்சி, தன் எம்.எல்.ஏ. பெயரே தெரியாமல் பத்து வருடம் அவரைத் திட்டிக்கொண்டு இருந்ததாகச் சொல்லி வருத்தப்பட்டாள். பெயர் தெரிந்த பிறகு, திட்டுவதற்கு முன் நாக்கு ஒரு நொடி நிற்கிறது என்றாள்.

எல்லோருக்கும் தினமும் ஜெபிக்க முயன்றால் நான்காம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுகிறவர், ஒரு ஆகாதவர். பத்து நிமிஷம் போதும்.

ஆளுகிறவருக்காக என்ன கேட்பது?

"ஆண்டவரே, எங்கள் தலைவர்களை ஆசீர்வதியும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் பழக்கமாக இருக்கிறது. பவுல் அந்த வசனத்தில் நான்கு சொற்களைப் போட்டிருக்கிறார்: விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம். நான்குக்கும் கறாரான எல்லைக்கோடு கிடையாது. ஆனால் புதியவர்களுக்கு இவை நல்ல கைப்பிடிகள். ஊராட்சித் தலைவரையே எடுத்துக்கொள்வோம்.

விண்ணப்பம் என்றால் குறையைச் சொல்லிக் கேட்பது. தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். அந்தக் குறை தலைவரின் கண்ணில் பட வேண்டும் என்று கேளுங்கள். ஜெபம் என்ற சொல்லுக்கு வரும்போது, தலைவருக்கும் மேலே தேவன் ஆளுகிறார் என்பதை நினைத்து, அவரைப் பணிந்துகொள்ளுங்கள். இதைச் செய்யும்போது பயமும் கோபமும் கொஞ்சம் இறங்கும்.

வேண்டுதல்தான் கடினமானது. அந்த மனிதரின் இடத்தில் நின்று அவருக்காகக் கேட்பது அது. கான்ட்ராக்டர் கவரோடு வந்து உட்காரும் அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். அதை அவர் தனியாகச் சந்திக்கிறார். அந்த நேரத்துக்கு அவருக்குப் பலம் கேளுங்கள். வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள். கடைசியில் ஸ்தோத்திரம்: அவர் செய்த ஏதாவது ஒரு நல்லது. தெருவிளக்கு எரிகிறதா? அதற்கு நன்றி சொல்லுங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

சேர்த்துச் சொன்னால் இப்படி வரும்: "பிதாவே, எங்கள் ஊராட்சித் தலைவரை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். கீழத்தெரு பெண்கள் குடத்தோடு நடப்பதை அவர் பார்க்கட்டும். சரியானதைச் செய்ய அவருக்கு ஞானமும் தைரியமும் தாரும். கைநீட்டி வாங்கும் சோதனையில் இருந்து அவரைக் காத்துக்கொள்ளும். அவர் மகளின் திருமணக் காரியத்தில் துணையாக இரும். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டித் தந்ததற்காக ஸ்தோத்திரம்." ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இன்னும் வேண்டுமானால் வேதத்திலேயே மாதிரிகள் இருக்கின்றன. கிபியோனில் சாலொமோன் ஆயுளையோ செல்வத்தையோ கேட்கவில்லை, ஜனங்களை நியாயம் விசாரிக்கப் பகுத்தறிகிற இருதயத்தைக் கேட்டான் (1 இராஜாக்கள் 3). 72ஆம் சங்கீதம் முழுக்கவே ராஜாவுக்கான ஜெபம். ஏழைக்கு நியாயமும் எளியவனுக்கு விடுதலையும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் மையம். மாதத்தில் ஒரு நாள் அதை அப்படியே வாசித்து, ராஜா என்று வரும் இடத்தில் முதலமைச்சரையோ பிரதமரையோ வைத்து ஜெபியுங்கள்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கி.பி. 197ஐ ஒட்டி, கிறிஸ்தவர்கள் ராஜதுரோகிகள் என்ற பழிக்குப் பதில் எழுதினார். பேரரசனுக்காகத் தாங்கள் என்னென்ன கேட்கிறோம் என்று அதில் வரிசையாகச் சொல்கிறார்: நீண்ட ஆயுள், உறுதியான ஆட்சி, பத்திரமான வீடு, வீரமுள்ள சேனை, உண்மையுள்ள ஆலோசனைச் சபை, நேர்மையான மக்கள், அமைதியான உலகம். வேட்டையாடப்பட்ட ஜனங்கள் வேட்டையாடினவனின் வீடு பத்திரமாக இருக்கக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த வரிசையில் "வீடு" என்ற சொல் பெரிதாகப் படுகிறது.

சபையில் சத்தமாக ஜெபிக்கும்போது

உங்களையே ஜெபிக்கச் சொல்லும் நாள் சீக்கிரம் வரும். அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் ஜெபிக்கும் தலைவரின் கட்சிக்காரர் ஒருவரும், அவரைக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவரும் அதே பாயில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஆமென் சொல்ல முடிய வேண்டும். ஒருவரால் முடியாது என்றால் அங்கே ஜெபம் மேடைப் பேச்சாகிவிட்டது. "ஆண்டவரே, இந்த ஊழல் ஆட்சி..." என்று ஆரம்பிப்பவர் தேவனோடு பேசவில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி வாசிக்கிறார். அதேபோல் நமக்குப் பிடித்த தலைவருக்கு அடைமொழிகளை அடுக்குவதும் வேண்டாம்.

கத்தோலிக்க நண்பர்களின் திருப்பலியில், விசுவாசிகள் மன்றாட்டில் இதற்கு ஒரு ஒழுங்கே இருக்கிறது: முதலில் திருச்சபை, பிறகு ஆளுகிறவர்களும் உலகமும், பிறகு துன்பப்படுகிறவர்கள், கடைசியில் உள்ளூர்ச் சமூகம். ஆட்சி யாருடையதானாலும் அந்த இடம் மாறுவதில்லை. தனி ஜெபத்துக்கும் நல்ல வரிசைதான்.

ஆகாதவர் பெயரை மட்டும் கூட்டத்தில் சொல்லவே கூடாது. "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் அடுத்த வீட்டு விஷயம் எத்தனை வீடு தாண்டிப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். "எனக்கு மன்னிக்க முடியாத ஒரு நபர் இருக்கிறார், எனக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும்.

வலது பக்கம்

சத்துரு என்றால் பெரிய சொல்லாகத் தோன்றும். "எனக்கு அப்படி யாரும் இல்லை" என்று பலர் சொல்வார்கள். "ஒரு மனுஷனுக்குச் சத்துருக்கள் அவன் வீட்டாரே" என்று இயேசு சொன்னதை (மத்தேயு 10:36) ஞாபகப்படுத்துவேன். கல்யாண வீட்டில் யாரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்புகிறோம்? யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் வயிறு எரிகிறது? அவர்தான். சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினவர், வேலையிடத்தில் பழி போட்டவர், சீட்டுப் பணத்தோடு ஓடினவர் எல்லோரும் இந்தப் பக்கத்துக்கு உரியவர்கள்.

என்னுடைய வலது பக்கத்தில் முதல் பெயர் என் சித்தப்பா மகன். தாத்தா தோட்டம் பாகம் பிரித்தபோது சர்வேயர் அளந்து நட்ட எல்லைக்கல், ஒரு மழைக்காலத்தில் இரண்டு முழம் எங்கள் பக்கம் நகர்ந்தது. கிணற்றுக்குப் போகும் பாதையும் அதோடு போயிற்று. நான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. நோட்டைத் திறந்து அவன் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன், எழுத வரவில்லை. ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். ஒரு வாரம் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ஜெபித்தேன். இரண்டாவது வாரம் முதல் எழுத்து வந்தது. உங்களுக்கும் பெயர் வராவிட்டால் புள்ளியில் இருந்தே ஆரம்பியுங்கள், தேவனுக்கு யார் என்று தெரியும்.

முதல் நாளே ஆசீர்வதிக்க முயலாதீர்கள். முதலில் உள்ளதைச் சொல்லுங்கள். "அவன் எனக்கு இப்படிச் செய்தான், எனக்கு எரிகிறது" என்று தேவனிடமே கொட்டுங்கள். 109ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். "அவனுடைய நாட்கள் கொஞ்சமாகட்டும்" என்ற அளவுக்கு அந்தக் கோபம் வெளிப்படுகிறது. அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது. கோபத்தைத் தேவனிடம் கொட்டிவிட்டால் அதைத் தெருவில் கொட்டத் தோன்றாது.

அடுத்து, அவரோடு உங்களுக்குச் சண்டையே இல்லாத ஒரு விஷயத்தைத் தேடுங்கள். எனக்கு அது அவன் மகளின் பிளஸ் டூ பரீட்சை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன கோபம்? அவள் பரீட்சைக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். பிறகு சித்தியின் முழங்கால் வலி. ஒரு மாதம் கழித்துத்தான் அவனுக்காகவே கேட்க வாய் வந்தது. கேட்கும்போது, உங்களுக்காக என்ன கேட்பீர்களோ அதையே அவருக்கும் கேளுங்கள். நல்ல தூக்கம், வியாபாரத்தில் பெருக்கம், வீட்டில் சமாதானம். "அவனுக்குப் புத்தி வரட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பது இதில் சேராது. அதை நானும் மாதக்கணக்கில் செய்து பார்த்திருக்கிறேன்.

சொற்களே வராத நாளில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லுங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் நிறுத்தி அந்தப் பெயரை நினையுங்கள். நினைக்க முடிந்தால் அன்றைக்கு அதுவே போதும். இயேசு சிலுவையில் சொன்ன முதல் வார்த்தையும் இதுதான்: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." பெரிய வெள்ளிக்கிழமை தோறும் மும்மணி ஆராதனையில் உட்கார்ந்து இதைக் கேட்கிறோம். ஆணி அடித்தவர்கள் அப்போது மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளி வருந்தி வரும்வரை காத்திருந்தால் நம் ஜெபம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

அதன்பிறகு கையால் ஏதாவது ஒன்று செய்யுங்கள். "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்கிறது ரோமர் 12. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் கண்காணியாக (பிஷப்பாக) இருந்த பொலிகார்ப்பு என்ற முதியவரைக் கைதுசெய்ய ஆட்கள் வந்தபோது, அவர் முதலில் செய்தது அவர்களுக்குச் சாப்பாடும் குடிக்கவும் கொடுக்கச் சொன்னதுதான். பிறகு ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் நின்று ஜெபித்தார் என்று அந்தச் சபையார் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மால் முடிந்தது இன்னும் சின்னது. எதிரே வந்தால் தலையாட்டலாம், அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போய் நிற்கலாம்.

அடிவாங்கிக்கொண்டு ஜெபிக்க வேண்டியதில்லை

இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வீட்டில் அடிக்கும் கணவன், பிள்ளையிடம் தவறாக நடந்துகொள்ளும் உறவினர், மிரட்டும் முதலாளி இவர்களுக்காக ஜெபிக்கலாம். ஆனால் "ஜெபித்துக்கொண்டு பொறுத்துப் போ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. புகார் கொடுப்பது மன்னிக்காததாகாது. எருசலேமுக்கு அனுப்பிவிட்டால் கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்த பவுல், "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார் (அப்போஸ்தலர் 25). அடுத்த அதிகாரத்திலேயே, தன்னை விசாரிக்க உட்கார்ந்திருந்த அகிரிப்பா ராஜாவிடம், நீரும் இங்கே கேட்கிற எல்லோரும் இந்தக் கட்டுகள் தவிர என்னைப்போல் ஆக வேண்டும் என்று தேவனை வேண்டிக்கொள்வதாகச் சொல்கிறார். ஒரே ஆள்தான் வழக்கும் நடத்தினார், ஜெபமும் செய்தார்.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய 10, 6 வயது மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் வண்டியோடு எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். ஊரைவிட்டு ஓடாமல் தொழுநோயாளிகள் ஊழியத்தை வருடக்கணக்கில் தொடர்ந்தார். வழக்கு அதன் வழியில் நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்த கேரளத்துக் கன்னியாஸ்திரி ராணி மரியாவை, 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் குத்திக் கொன்றவர் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கையும் கன்னியாஸ்திரிதான். அவர் 2002இல் சிறைக்குப் போய்ச் சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். குடும்பத்தாரும் சபையாரும் கேட்டுக்கொண்டதும் சேர்ந்து, 2006இல் அவர் விடுதலையானார். இதை நான் புதியவர்களிடம் சொல்லும்போது நடுவில் உள்ள ஏழு வருடத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன். அந்தத் தங்கைக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

எத்தனை நாள்?

நோட்டில் இருந்து பெயர்களை அடிக்க அவசரப்படாதீர்கள். தேர்தலில் தோற்றவர் பெயருக்குப் பக்கத்தில் ஜெயித்தவர் பெயரை எழுதுங்கள். தோற்றவருக்காக இன்னும் ஒரு மாதமாவது கேளுங்கள், அவருக்கு அப்போதுதான் அதிகம் தேவை. கலெக்டர் மாற்றலாகிப் போனால் போகிற ஊருக்கும் சேர்த்து ஜெபியுங்கள். ஆகாதவர் பெயர் எப்போது போகும் என்று கேட்டால், நீங்கள் அந்தப் பெயரைச் சாதாரணமாக உச்சரிக்கிற நாளில் அது தானாக வேறு பக்கத்துக்குப் போய்விடும். எதிராளி மாறினாரா என்பதை வைத்து ஜெபத்தை அளக்காதீர்கள். சிலர் மாறவே மாட்டார்கள்.

போன வருடம் எங்கள் கோயில் அசனப் பண்டிகையில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் சித்தப்பா மகன். என் இலை முன்னால் வந்ததும் ஒரு நொடி நின்றான். "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டான். "ஊத்து" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். கறித்துண்டு இரண்டைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

கல் இன்னும் நகர்ந்த இடத்தில்தான் இருக்கிறது. மறு அளவை கேட்டுத் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். என் நோட்டில் வியாழக்கிழமைக்கு உரிய பக்கத்தைத் திறந்தால், வலது பக்கம் அவன் பெயர், இடது பக்கம் அந்த மனுவைப் பார்க்கப்போகிற தாசில்தார் பெயர்.